பிளட் மூன் வழக்கு

திருட்டுப் புகார் என்ற பெயரில்தான் அந்த விவகாரம் என்னிடம் வந்தது. பொருள், 36 பாக்கெட் விளையாட்டுக் கார்டுகள் அடங்கிய ஒரு பூஸ்டர் பாக்ஸ். இடம், அமீர்பேட்டில் மைத்ரிவனத்தை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு கடையின் மாடி. எடுத்துக்கொண்டு போனவன் கரூர்க்காரப் பையன். பொறியியல் முடித்துவிட்டு ஜாவா கற்றுக்கொள்ள ஹைதராபாத் வந்தவன். எடுத்ததை அவன் மறுக்கவில்லை. "எடுத்தேன் சார். ஆனா அது எனக்குச் சேர வேண்டியது" என்றான். அவன் சொன்னதன் பின்பாதி சரியா என்று பார்க்க, ஒரு கார்டு விளையாட்டின் விதிப் புத்தகத்தைச் சட்டப் புத்தகம் படிப்பதுபோல் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. இரண்டு விதிகள் மோதினால் எது நிற்கும் என்பது வக்கீல்களுக்கு அன்றாடக் கேள்வி. அந்தக் கேள்வியை அவ்வளவு சுத்தமான வடிவத்தில் நான் வேறு எந்த வழக்குக் கட்டிலும் பார்த்ததில்லை.

அது 2015. தெலங்கானா தனி மாநிலமாகி ஓராண்டு கடந்திருந்தது. அமீர்பேட் சாலையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. ரயில் ஓட இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. கட்டடத்துக்குக் கட்டடம், மாடிக்கு மாடி ஜாவா, ஆரக்கிள், டெஸ்டிங் டூல்ஸ் என்று பேனர்கள் தொங்கும். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் காலையில் வகுப்பு, மாலையில் லேப், இரவு விடுதி அறை என்று வேலை கிடைக்கும்வரை அங்கேதான் கிடப்பார்கள். ஊரிலிருந்து வரும் பணத்தில் மாதத்தை ஓட்டும் பிள்ளைகள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடிக்குப் போய் மேஜிக்: தி கேதரிங் ஆடினார்கள். அப்படி நடந்த ஒரு போட்டியின் பரிசுதான் அந்தப் பெட்டி.

அந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கர். 1993-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. நம் ரம்மியில் சீட்டுக்கட்டு எல்லாருக்கும் பொது. இதில் ஒவ்வொருவரும் தான் வாங்கிச் சேர்த்த கார்டுகளிலிருந்து சொந்தமாக ஒரு டெக் அமைத்துக்கொண்டு வருவார்கள். கார்டுகளோ பல்லாயிரம். ஒவ்வொன்றும் தன் மேல் ஒரு விதியைத் தாங்கி நிற்கிறது. 1994-ல் ஒரு கார்டுக்கு வாசகம் எழுதியவருக்கு, 2007-ல் வரப்போகும் கார்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க முடியாது. இரண்டும் ஒரு நாள் அமீர்பேட்டில் ஒரே மேசையில் எதிரெதிரே வந்து விழும். 1872-ன் ஒப்பந்தச் சட்டத்தையும் 1996-ன் நடுவர் சட்டத்தையும் ஒரே மனுவில் வைத்து வாதிடுகிறவனுக்கு இந்த நிலைமை புதிதல்ல.

பையனை அழைத்து வந்தவர் அவன் சித்தப்பா, செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர். புகாரை விட அவரை அதிகம் பயமுறுத்தியது நிலையத்தில் ஒரு எஸ்.ஐ. சொன்ன வார்த்தை. "பணம் கட்டி சீட்டு ஆடியிருக்கிறார்கள், கேமிங் ஆக்டில் போட்டால் கடைக்காரர் உட்பட எல்லாரும் உள்ளே" என்றாராம். "நாளைக்கு கம்பெனியில போலீஸ் வெரிஃபிகேஷன்னு வந்தா இவன் கதி என்ன சார்?" என்று கேட்டார் சித்தப்பா. நியாயமான பயம். அமீர்பேட்டில் அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு முதல் தகவல் அறிக்கை என்பது, தீர்ப்பு வருவதற்கு முன்பே கொடுக்கப்படும் தண்டனை. முதலில் அந்தச் சூதாட்டப் பேச்சை மேசையை விட்டு இறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஹைதராபாத் வக்கீலுக்கு வெளியூர்த் தீர்ப்பு தேவையில்லை. இந்தியாவில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசும் யாரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பே இந்த இரட்டை நகரத்தில் பிறந்ததுதான்: ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்தியநாராயணா. 1963 மே மாதம் செகந்திராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் போலீஸ் நுழைந்தது. மேசையில் ரம்மி நடந்துகொண்டிருந்தது. பொருளாளரிடம் இருந்த ஆட்டப் பணம் 74 ரூபாய் 62 காசு. வழக்கு நிஜாம் காலத்து ஹைதராபாத் சூதாட்டச் சட்டத்தின்படி, பசலி 1305-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம். மாஜிஸ்திரேட் தண்டித்தார். செஷன்ஸ் நீதிபதி அந்தத் தண்டனை நிற்காது என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு ரத்து செய்தது. அரசு விடாமல் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கே போனது.

1967 நவம்பர் 22-ல் நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு சில பக்கங்கள்தான். மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டம், ரம்மி அப்படியல்ல. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஆகவே அது பிரதானமாகத் திறமை ஆட்டம் என்றது நீதிமன்றம். கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தது: பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் எடுத்ததாக நிரூபித்தால் கதை வேறு. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் வக்கீல்கள் உண்டு. எதிரில் இருப்பவர் தீர்ப்பை முழுதாகப் படித்தவராக இருந்தால் அது ஆபத்து.

ஆகவே கடைக்காரரிடம் கணக்கைக் கேட்டேன். நுழைவுக் கட்டணத்துக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் கார்டு கொடுத்திருந்தார். பரிசுப் பெட்டி கடையின் சரக்கிலிருந்து வைத்தது. ஆட்டக்காரர்களுக்குள் பந்தயம் எதுவும் இல்லை. இவற்றுக்கு ரசீது இருந்தது. தீர்ப்பின் நகலையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு நல்ல கேள்வி கேட்டார். ஆட்டம் திறமை என்றே வைத்துக்கொள்வோம். பரிசாகக் கொடுக்கும் பெட்டியில் என்ன கார்டு இருக்கும் என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. அது லாட்டரி ஆகாதா?

அதே கேள்வி அமெரிக்காவில் வழக்காகவே நடந்திருக்கிறது. அரிய கார்டு கிடைக்கும் என்ற ஆசையில் பாக்கெட் வாங்கி ஏமாந்தவர்கள், இது சூதாட்டம் என்று கார்டு நிறுவனங்கள் மேல் தொடுத்த வழக்குகளை 2002-ல் அங்கே ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கியவருக்குப் பேசியபடி பாக்கெட்டும் அதில் கார்டுகளும் கிடைத்துவிட்டன, ஆசைப்பட்டது கிடைக்காதது சட்டம் ஏற்கும் நஷ்டமல்ல என்பது காரணம். அதை அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் மனத்தில் இறங்கியது நம்மூர்த் தீர்ப்புதான்: 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் எழுதியது. குறுக்கெழுத்து முதலிய பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்திய 1955-ஆம் ஆண்டுச் சட்டம், வெற்றி கணிசமாகத் திறமையைச் சார்ந்த போட்டிகளுக்குப் பொருந்தாது என்று அதில் முடிவானது. வெல்வதற்கு எது வேண்டும் என்பதுதான் கேள்வி. வென்ற பிறகு கையில் வரும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு. இன்ஸ்பெக்டர் சூதாட்டப் பேச்சை அத்தோடு விட்டார். (2017-ல் தெலங்கானா தன் சட்டத்தைத் திருத்திப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. இன்று அதே நாற்காலியில் உட்கார்ந்தால் என் வாதத்தை வேறு மாதிரிதான் கட்ட வேண்டியிருக்கும்.)

திருட்டு மிஞ்சியது. அன்று அது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். புகாரில் அது தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு அந்த அழுத்தம் இருந்தது. ஆனால் அதே தீர்ப்பு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் முதலில் ஆரம்ப விசாரணை செய்யலாம் என்றும் சொல்கிறது. கடைக்காரரின் புகாரிலேயே ஒரு வரி எனக்குக் கைகொடுத்தது: பையன் பெட்டியை எடுத்துக்கொண்டு, தன் சொந்த டெக்கை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். "சரியா விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் இது உங்க கிட்ட இருக்கட்டும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறான். அந்த டெக்கின் விலை பெட்டியை விட அதிகம் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் திருட்டு இல்லை. அன்று அது இந்தியத் தண்டனைச் சட்டம் 378-ஆம் பிரிவு, இன்று பாரதிய நியாய சம்ஹிதை 303. தனக்கு உரிமை உண்டு என்று உண்மையாக நம்பி எடுத்தவன் திருடன் அல்ல, அந்த நம்பிக்கை சட்டப்படி தவறாக இருந்தாலும்கூட. வங்காளத்தில் ஒரு குளத்து மீனைப் பிடித்ததைப் பற்றிய சண்டி குமார் தாஸ் கர்மாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது இந்தக் கோட்பாட்டைத்தான். ஆனால் நம்பினேன் என்று வாயால் சொன்னால் போதாது. அந்த நம்பிக்கைக்குக் கொஞ்சமாவது ஆதாரம் வேண்டும். பாசாங்காக இருக்கக் கூடாது. பையனின் நம்பிக்கைக்கு ஆதாரம் இரண்டு கார்டுகள். ஆகவே என் மேசையில் கார்டுகளைப் பரப்பச் சொன்னேன்.

இந்த ஆட்டத்தில் நிலம் என்று ஒரு வகைக் கார்டு உண்டு. ஆடுகிறவர்கள் லேண்ட் என்பார்கள். லேண்டைத் திருப்பி வைத்து அதிலிருந்து மானா என்ற சக்தியை எடுத்தால்தான் மற்ற கார்டுகளை இறக்க முடியும். மானாவுக்கு நிறம் உண்டு. ஃபாரஸ்ட் பச்சை தரும், மவுன்டன் சிவப்பு, சுவாம்ப் கறுப்பு. இவை பேசிக் லேண்ட். இவை போன்ற ஐந்து போக, தனிச் சக்திகள் எழுதப்பட்ட மற்ற லேண்டுகள் பேசிக் அல்லாதவை.

எதிரே ஆடியவன் வாரங்கல் பையன். அவனுடையது பச்சையும் கறுப்பும் கலந்த டெக். அவன் முதலில் அர்போர்க், டூம் ஆஃப் யாக்மோத் என்ற லேண்டை இறக்கினான். பேசிக் அல்லாத லேண்ட் அது. மேசையில் இருக்கும் ஒவ்வொரு லேண்டும், இருக்கிற வகையோடு கூடுதலாகச் சுவாம்பாகவும் ஆகும் என்பது அதன் விதி. சில சுற்று கழித்து நம் பையன் பிளட் மூன் இறக்கினான். பேசிக் அல்லாத லேண்ட் எல்லாம் மவுன்டன் ஆகிவிடும் என்பது அதன் விதி. அதற்குப் பிறகு வாரங்கல் பையன் ஒரு பேசிக் ஃபாரஸ்டைத் திருப்பி, "இது சுவாம்பும்தான்" என்று சொல்லிக் கறுப்பு மானா எடுத்தான். அதைக் கொண்டு நம் பையனின் முக்கியமான உயிரியை அழித்தான். ஆட்டம் அங்கேயே திரும்பிவிட்டது. நம் பையன் போட்டி ஜட்ஜைக் கூப்பிட்டான். ஜட்ஜ், செல்லும் என்றார்.

பிளட் மூன் பேசிக் ஃபாரஸ்டைத் தொடுவதே இல்லை. அப்படியிருக்க, நம் பையன் வாதப்படி, அந்த ஃபாரஸ்ட் ஏன் சுவாம்ப் அல்ல? இங்கேதான் விதி 613 வருகிறது. ஒரே பொருளின் மேல் பல கார்டுகள் பேசினால் எதை எந்த வரிசையில் பொருத்துவது என்று சொல்வது அது. ஏழு அடுக்குகள்: நகலாக்குவது, ஆதிக்கம் மாற்றுவது, வாசகம் மாற்றுவது, வகை மாற்றுவது, நிறம் மாற்றுவது, திறன் சேர்ப்பது அல்லது நீக்குவது, கடைசியாக வலிமை. இரண்டும் வெவ்வேறு அடுக்கு என்றால் சண்டை இல்லை. அர்போர்க்கும் பிளட் மூனும் நான்காம் அடுக்கில், வகை மாற்றுவதில், ஒன்றாக நிற்கின்றன. ஒரே அடுக்கில் இருந்தால் பொது விதி, முன்னால் வந்ததை முன்னால் பொருத்து. ஜட்ஜ் இதைத்தான் செய்தார். அர்போர்க் முதலில் வந்தது, எல்லா லேண்டும் சுவாம்பாயிற்று. பிறகு பிளட் மூன் வந்து பேசிக் அல்லாதவற்றை மட்டும் மவுன்டன் ஆக்கியது. ஃபாரஸ்ட் சுவாம்பாகவே நின்றது. காரணம் சொல்லித் தந்த முடிவு அது. சட்டக் கல்லூரியில் யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன்.

பையன் அடுத்த பத்தியைக் காட்டினான். ஒரே அடுக்கில் இரண்டு விளைவுகள் இருக்கும்போது, ஒன்றைப் பொருத்தினால் மற்றது இருக்குமா இல்லையா என்பதே மாறும் என்றால், வந்த நேரம் செல்லாது. எது மற்றதை நம்பி இருக்கிறதோ அது காத்திருக்க வேண்டும். அர்போர்க்கே ஒரு பேசிக் அல்லாத லேண்ட். பிளட் மூன் அதை மவுன்டன் ஆக்குகிறது. ஒரு லேண்டின் வகையை இப்படி மாற்றி அமைத்தால் அதன் மேல் எழுதிய பழைய சக்திகள் போய்விடும் என்று விதி 305.7 சொல்கிறது. எல்லாவற்றையும் சுவாம்ப் ஆக்கும் அந்த வாசகமே அர்போர்க் மேல் இப்போது இல்லை. ஆகவே பிளட் மூன் முதலில். அதன் பிறகு பொருத்துவதற்கு அர்போர்க்கிடம் எதுவும் மிஞ்சவில்லை. ஃபாரஸ்ட் வெறும் ஃபாரஸ்ட்.

அதைப் படித்தபோது நான் பல ஆண்டு கையாண்ட ஒரு விஷயம் எனக்கே தெளிவானது. பின்னால் வந்த சட்டம் முன்னால் வந்ததை வெல்லும் என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1976-ல் சர்வன் சிங் எதிர் கஸ்தூரி லால் வழக்கில், டெல்லி வாடகைச் சட்டமும் குடிசைப் பகுதிச் சட்டமும் மோதின. இரண்டிலும், வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் இதுவே செல்லும் என்ற வாசகம் இருந்தது. உச்ச நீதிமன்றம் பின்னால் வந்த வாடகைச் சட்டத் திருத்தத்தை நிற்க வைத்தது. ஆனால் தேதியை மட்டும் பார்த்து அல்ல, எந்த நோக்கத்துக்காக அது வந்தது என்றும் பார்த்துத்தான். தேதி ஒரு கருவி. அதற்கு முன் கேட்க வேண்டியது, இவற்றில் ஒன்று மற்றதன் தோளில் நிற்கிறதா என்பது. ஒரு சட்டத்தின் கீழ் போட்ட விதி அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் வருகிறது. ஆனாலும் தாய்ச் சட்டம் போனால், காப்பாற்றும் பிரிவு இல்லாதவரை, விதியும் போகும். பின்னால் பிறந்தேன் என்று சொல்லி அது தப்ப முடியாது.

வாரங்கல் பையனின் வாதம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அவனை நான் பின்னால் பார்த்தேன்; அமைதியான, கூர்மையான பிள்ளை. "மூன் வருவதற்கு முன்பே என் ஃபாரஸ்ட் சுவாம்பாகிவிட்டது. ஆனதை எப்படி இல்லை என்பீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டான். 1897-ஆம் ஆண்டுப் பொதுச் சொற்கூறுகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவைப் படிக்காமலே அதன் வாதத்தை அவன் சொல்லிவிட்டான்: ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும் அதன் கீழ் ஏற்கெனவே நடந்தவையும் சேர்ந்த உரிமைகளும் அழியாது. ஆனால் அந்தப் பிரிவு காப்பது நேற்று முடிந்த காரியத்தை. மூன் வருவதற்கு முன் அதே ஃபாரஸ்டில் அவன் எடுத்த கறுப்பு மானாவை யாரும் திரும்பக் கேட்கவில்லை; அது செல்லும். மூன் வந்த பிறகு எடுத்ததுதான் தகராறு. நீக்கப்பட்ட சட்டத்தின் கீழ் இன்று புதிதாக ஒன்றைச் செய்ய முடியாது. ஆட்ட விதியும் அதையே சொல்கிறது: அர்போர்க் போன்ற கார்டின் விளைவு ஒரு தடவை நடந்து முத்திரை விழுந்துவிடுவது அல்ல, கார்டு தன் சக்தியோடு இருக்கும் ஒவ்வொரு கணமும் புதிதாகக் கணக்கிடப்படுவது.

எல்லாரையும் என் அலுவலகத்துக்கு வரவழைத்தேன். ஜட்ஜாக இருந்தவர் பக்கத்துத் தெருவில் டெஸ்டிங் டூல்ஸ் சொல்லிக்கொடுக்கும் இளைஞர். பத்தியை இரண்டு முறை படித்தார். "நான் கொடுத்தது தப்பு" என்றார். சுற்றி வளைக்காமல் அப்படிச் சொல்லும் துணிவு பதவியில் இருக்கும் பலருக்கு வருவதில்லை. அந்த நிமிடம் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அங்கேயே விவகாரம் முடிந்துவிட்டது என்று சித்தப்பா நினைத்தார். "அப்ப பெட்டி இவனுக்குத்தானே சார்?"

இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. என் கட்சிக்காரனிடமே சொல்ல வேண்டியிருந்தது. கடையின் போட்டி நோட்டீஸில் ஜட்ஜின் முடிவே இறுதியானது என்று இருந்தது. இந்த ஆட்டத்தின் அதிகாரப்பூர்வப் போட்டி விதிகளிலும் தலைமை ஜட்ஜின் முடிவுக்கு மேல் முறையீடு இல்லை. அதைப் படித்துப் பணம் கட்டித்தான் இவன் உட்கார்ந்தான். "தம்பி, கார்டு விஷயத்துல நீ சொல்றதுதான் சரி. பெட்டி விஷயத்துல இல்ல" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "தப்பான தீர்ப்பும் நிக்கும்னா ரூல் புக் எதுக்கு சார்?"

அவன் கேட்டது நியாயம். வாழ்நாள் முழுக்க கட்சிக்காரர்கள் எங்களிடம் கேட்பதும் அதுதான். ஒரு வாசகத்துக்கு எது சரியான பொருள் என்பது ஒரு கேள்வி; அதை இன்று, இந்த மேசையில், சொல்லி முடிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது இன்னொரு கேள்வி. முதலாவதில் சரியாக இருப்பவனுக்கு இரண்டாவது தானாகக் கிடைத்துவிடாது. கிடைக்கும் என்றால் ஒவ்வொரு ஆட்டமும் யார் கை முதலில் பெட்டிக்குப் போகிறது என்பதில் முடியும். அதே 2015-ல் பாராளுமன்றம் நடுவர் சட்டத்தைத் திருத்தியபோது 34-ஆம் பிரிவில் இதை எழுதியே வைத்தது: உள்நாட்டு நடுவர் சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார் என்பதற்காக மட்டும் அவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யாது. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் ஒப்பந்தங்களுக்கே அதுதான் நிலை. இதை அவனுக்கு மெதுவாக விளக்கினேன். அவன் எடுத்தது திருட்டு ஆகாமல் போவதற்குக் காரணமே, உரிமை இல்லாத இடத்தில் உண்மையாக உரிமை இருப்பதாக நம்பியதுதான் என்பதையும் சொன்னேன்.

இரண்டு பேருக்கும் பெட்டியைப் பாதிப் பாதி பிரித்துவிடலாமே என்றார் கடைக்காரர். நல்லெண்ணத்தில் சொன்னார். நீதிமன்றங்களும் மோதும் விதிகளுக்கு இடையே அப்படி வழி தேடுவதுண்டு. முல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கில், எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் போகும் உரிமையும் ஒரு சமயப் பிரிவு தன் காரியங்களைத் தானே நடத்தும் உரிமையும் மோதின. கோயில் நுழைவை நிலைநாட்டி, குறிப்பிட்ட சில சடங்குகளை மட்டும் அந்தப் பிரிவுக்கு விட்டு, இரண்டையும் வாழ வைத்த தீர்ப்பை எழுதியவரும் முன்னே சொன்ன அதே டி.எல். வெங்கடராம ஐயர்தான். இசை ரசிகர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைப் பரப்பியவர், 1944-ன் சங்கீத கலாநிதி. ஆனால் கார்டு மேசையில் அந்த வழி கிடையாது. ஃபாரஸ்ட் பாதி சுவாம்பாக இருக்க முடியாது. பெட்டியைப் பிரிப்பதை இரண்டு பையன்களுமே மறுத்தார்கள். வென்றவன் தனக்கு முழுதாகச் சேர வேண்டும் என்றான். நம்மவன், தோற்றவன் என்று எழுதிவிட்டுப் பாதி கொடுப்பது பிச்சை என்றான். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகப் பட்டது.

நம் பையன் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த முடிவு தவறு என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஜட்ஜுக்கு ஆட்சேபம் இல்லை. கடைக்காரர்தான் பின்வாங்கினார், இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், முன்னே தோற்ற எல்லாரும் பழைய ஆட்டங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்தையும் தள்ள முடியவில்லை. அதற்கு மருந்து கோலக்நாத் வழக்கில் இருந்தது. 1967-ல் தலைமை நீதிபதி சுப்பா ராவ் பழைய தீர்ப்புகள் தவறு என்று சொன்னபோது, அதுவரை நடந்த நிலச் சீர்திருத்தங்கள் சரிந்துவிடாமல் இருக்க, புதிய விளக்கம் இனிமேல்தான் பொருந்தும் என்று வரம்பு கட்டினார். ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி அவர். அவர் வகுத்த கோட்டை அமீர்பேட் மாடிக் கடைக்குக் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

சமரசப் பத்திரத்தை அப்படித்தான் எழுதினேன். பிளட் மூனும் அர்போர்க்கும் ஒரே மேசையில் இருந்தால், எது முதலில் வந்தாலும், பிளட் மூனையே முதலில் பொருத்த வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்த முடிவு விதி 613-க்கு மாறானது. ஆனாலும் அன்றைய வெற்றி அப்படியே நிற்கும். இந்த விளக்கம் இனி நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டும். ஜட்ஜ் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: இனிமேல் முடிவுச் சீட்டில் கையெழுத்து விழுவதற்கு முன், ஆடுகிறவர் யார் கேட்டாலும் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டுவது ஜட்ஜின் கடமை. அன்று நம் பையன் முதலில் கேட்டதும் அதைத்தான். நேரமில்லை என்று மறுத்திருந்தார்கள்.

பத்திரத்தின் நகலைப் பார்த்து இன்ஸ்பெக்டர் புகார் மனுவை முடித்துவைத்தார். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. பெட்டி பிரிக்கப்படாமல் வாரங்கல் பையனிடம் போனது. கரூர்ப் பையனின் டெக்கைக் கடைக்காரர் ஒவ்வொரு கார்டாக எண்ணி, அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.